பர்மாவில் விழாத வண்டி

படத்தைக் காட்டினால் ஊரைச் சொல்கிற மெஷின் ஒன்று எங்கள் பழைய அலுவலகத்துக்கு வந்துவிட்டதாம். இப்போது அங்கே பொறுப்பாக இருக்கும் நில்மினி போன மாதம் போன் போட்டுச் சொன்னாள். என்னிடம் வேலை பழகியவள். சந்தோஷமானாலும் கோபமானாலும் ஒரே மாதிரிக் கத்துவாள். மாவனல்லைப் பக்கம் ஒரு பாலத்தில் வெள்ளைக்காரன் காலத்துப் பட்டாள லொறி நிற்கும் படத்தை அந்த மெஷினுக்குக் காட்டினார்களாம். அது கொஞ்சம் யோசித்துவிட்டு இத்தாலி என்றதாம். லொறிக்குப் பின்னால் ஒரு பலா மரம், அடியிலிருந்து காய்த்துத் தொங்குகிறது. இத்தாலியில் பலாக்காய் உண்டோ என்னவோ, நான் போனதில்லை.

மெஷின் இல்லாத காலத்தில் எப்படி இடம் கண்டுபிடித்தீர்கள் என்று புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு எழுதித் தரச் சொன்னாள். எழுதுகிறேன். தெரணியகலையில் வீட்டோடு இருக்கிறேன். முழங்கால் இரண்டும் வேலைநிறுத்தத்தில் இருக்கின்றன. வாயும் கையும் மட்டும்தான் ஒழுங்காக வேலைக்கு வருகின்றன.

நான் உத்தியோகம் பார்த்தது கொழும்பில் ஓர் அரசாங்கக் காப்பகத்தின் பழைய படப் பிரிவில். பெயர் வேண்டாம், பென்ஷன் அங்கிருந்துதான் வருகிறது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது இந்தத் தீவு முழுக்கப் பட்டாளமாக இருந்தது. பர்மாவுக்குச் சண்டைக்குப் போகுமுன் பல தேசத்துச் சிப்பாய்கள் நம் மலைக்காட்டில் மழையில் ஊறிப் பழகினார்கள். அதிகாரிகளில் பலரிடம் கெமரா இருந்தது. அவர்கள் மலையை எடுக்கவில்லை, மக்களை எடுக்கவில்லை, வண்டியை எடுத்தார்கள். மட்கார்டின் மேல் கையைப் போட்டுக்கொண்டு, கலியாணமான மறுநாள் ஸ்டூடியோவுக்குப் போன மாப்பிள்ளை மாதிரி நின்றார்கள். பின்பக்கத்தில் இடத்தின் பெயரை எழுதவில்லை. எழுதியவர்களும் பொய் எழுதினார்கள். படத்தில் பெயர்ப்பலகை விழுந்திருந்தால் தணிக்கைக்காரன் நெகட்டிவிலேயே ஊசியால் சுரண்டியிருப்பான். இந்த அதிகாரிகள் ஊருக்குப் போய், கிழமாகி, செத்த பிறகு, பிள்ளைகள் வீட்டைச் சுத்தம் பண்ணும்போது பெட்டி பெட்டியாக எங்களுக்கு அனுப்புவார்கள். எங்கே எடுத்தது என்று கண்டுபிடிப்பது எங்கள் தலையில்.

எனக்கு அந்த வேலை கிடைத்ததற்குக் காரணம் மூன்று மொழியும் எழுதப் படிக்கத் தெரிந்திருந்தது. அப்பா தெரணியகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இறப்பர் ஸ்டோரில் வேலை செய்தார். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் சிங்களம், ஸ்டோர் பெரியவர்களிடம் அரைகுறை இங்கிலீஷ் என்று எனக்கு எல்லாம் தானாக ஒட்டிக்கொண்டது. இன்னொரு காரணம், அட்டை கடித்தால் என்ன செய்வீர்கள் என்று நேர்முகத்தில் கேட்டபோது, சேர், அந்தக் காட்டுக்குப் பழைய குடி அதுதான், அதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும் என்று நான் சொன்னது. கேட்டவர் சிரிக்கவில்லை. அவர்தான் குணபால சேர். அடுத்த பதினாறு பதினேழு வருஷம் என் மேலதிகாரி.

அவரைப் பற்றிச் சொல்லாமல் இந்தத் தொழிலைப் பற்றிச் சொல்ல முடியாது. தலையில் ஒரு முடி கிடையாது, சட்டைப் பையில் எப்போதும் சீப்பு இருக்கும். குரலை உயர்த்த மாட்டார். யாரையும் பாராட்டியதும் கிடையாது. நாம் வியர்க்க விறுவிறுக்க ஓடிப்போய், சேர், இந்தப் பாலம் ருவான்வெல்லைக்குப் பக்கத்தில் இருக்கிற பாலம் என்று சொன்னால், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டி, "வென்ன புளுவன்" என்பார். சிங்களத்தில் அதற்கு ‘இருக்கலாம்’ என்று அர்த்தம். கடவுள் நேரில் வந்து நான்தான் கடவுள் என்றாலும் அவர் அதைத்தான் சொல்லியிருப்பார்.

வேலைக்குப் போன முதல் நாள் ஒரு படத்தை மேசையில் வைத்து என்ன தெரிகிறது என்று கேட்டார். லொறி என்றேன். தேநீர்க் கோப்பையின் சாசரை எடுத்து லொறியின்மேல் கவிழ்த்துவிட்டு, இப்போது என்ன தெரிகிறது என்றார். அவ்வளவுதான் என் பயிற்சி. வண்டி ஓடிவிடும், மலை ஓடாது. ஆகவே வண்டியைப் பார்க்காதே. நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, மரத்தில் வெட்டு இருக்கிறதா, கூரை ஓடா தகரமா, மதகுக் கட்டை எப்படிக் கட்டியிருக்கிறது, தந்திக் கம்பம் ரோட்டுக்கு எந்தப் பக்கம் என்று சாசரைச் சுற்றித்தான் பார்க்க வேண்டும். வண்டிப் பைத்தியங்கள் சிலர் சனிக்கிழமைகளில் எங்கள் அலுவலகத்துக்கு வருவார்கள். எல்லாம் பெரிய உத்தியோகத்து ஆம்பிளைகள். சக்கரத்தின் ஆணியை வைத்தே எந்தத் தொழிற்சாலையில் செய்த வண்டி என்று சொல்லிவிடுவார்கள். சேர் சாசரைக் கவிழ்த்ததும் அவர்களுக்கு மூச்சு முட்டும். ஒருவர் அதைத் தன் குடும்பத்துக்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொண்டு பிறகு வரவே இல்லை.

சேரின் இரண்டாவது சட்டம், சாட்சியிடம் படத்தை முதலில் காட்டக் கூடாது, அதில் இருப்பதைச் சொல்லவும் கூடாது. முதலில் கேள், பிறகு நட, கடைசியில் காட்டு. இதன் அருமை எனக்குக் கித்துல்கலையில் தெரிந்தது. அங்கே ஆற்றோரம் ஹோட்டல் நடத்தும் ஒருவர், ரப்பர் படகில் ஆற்றில் விழுந்தெழுந்து போகும் வெள்ளைக்காரர்களுக்குச் சோறு போடுபவர். பட்டாள வண்டிகள் ஆற்றைக் கடக்கும் ஒரு படத்தை நான் அவசரத்தில் அவரிடம் நீட்டிவிட்டேன். பார்த்த மாத்திரத்தில், இது எங்கள் தோட்டத்து மூலை, எங்கள் தாத்தாதான் இவர்களுக்கு வழி காட்டினார் என்றார். அடுத்த வாரமே ஹோட்டல் வாசலில் பலகை வைத்துவிட்டார். நாங்கள் படத்தில் தெரிந்த வளைவைத் தேடி ஆற்றின் இரு கரையிலும் நடந்தோம். எந்த வளைவும் பொருந்தவில்லை. ஒருநாள் கரையில் உட்கார்ந்து படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தண்ணீரில் நிற்கும் சிப்பாய் அதிகாரிக்கு இடது கையால் சல்யூட் அடிப்பதைக் கண்டேன். பக்கத்தில் நின்றவனும் இடது கை. ஒரு பட்டாளம் முழுக்க இடதுகைக்காரர்களாகச் சேர்த்திருக்க மாட்டார்கள். நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சடித்திருக்கிறார்கள். எங்கள் பணிப்பாளர் வரை மூன்று பேர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட படம் அது. சேரிடம் சொன்னேன். ஆற்றைப் பார்த்துவிட்டு, இத்தனை நாளும் கண்ணாடிக்குள் இருக்கும் ஆற்றைத் தேடியிருக்கிறோம் என்றார். திருப்பிப் பார்த்தபோது அந்த இடம் யட்டியந்தோட்டைக்குக் கீழே இருந்தது. ஹோட்டல்காரர் பலகையை எடுக்கவில்லை. இன்றைக்கும் அந்தத் தாத்தா வழி காட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

நாட்டில் வேறொரு யுத்தம் நடந்த வருஷங்களில் எங்கள் தொழில் இன்னும் சுவாரஸ்யமாக இருந்தது. சேரோடு போகும்போது அவிசாவளை ரோட்டில் ஒரு சோதனைச் சாவடி. என் அடையாள அட்டையில் லெச்சுமி என்று தமிழ்ப் பெயர். பையில் பாலங்கள், பட்டாள வண்டிகள், சந்திகள். என்ன இது என்று கேட்டான் பொலிஸ்காரன். யுத்தக் காலத்துப் படங்கள் என்றேன். எந்த யுத்தம் என்றான். நான் பதில் யோசிப்பதற்குள் எங்களை உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்துவிட்டார்கள். சிரிப்பாக எழுதினாலும் அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு வந்த இன்ஸ்பெக்டரிடம் குணபால சேர் அதே அமைதியான குரலில் சொன்னார்: படத்திலிருக்கும் இந்த வண்டியில் யாராவது உங்களைத் தாக்க வந்தால், பாதி வழியில் நின்றுவிடும், தள்ளி ஸ்டார்ட் பண்ண நீங்கள்தான் ஆள் அனுப்ப வேண்டும். இன்ஸ்பெக்டர் படத்தை இன்னொரு முறை பார்த்தார். விட்டுவிட்டார்.

இனி அந்தப் பர்மா வண்டிக்கு வருகிறேன்.

இங்கிலாந்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், பீட்டர் என்று வைத்துக்கொள்வோம், இறந்துபோன தன் அப்பாவின் படங்களை அனுப்பினார். அப்பா பட்டாள அதிகாரியாக இருந்தவர். ஒரு படத்தின் பின்னால், பர்மா முனை, உள்ளூர் மக்கள் உதவுகிறார்கள் என்று பென்சிலில் எழுதியிருந்தது. படத்தில் ஒரு கேரியர். அதாவது டாங்கி மாதிரிச் சக்கரத்தில் இரும்புச் செயின் ஓடும், ஆனால் பீரங்கி இல்லை, மேலே மூடியும் இல்லை. பார்ப்பதற்கு மாட்டுக்குத் தண்ணீர் வைக்கிற இரும்புத் தொட்டி போல இருக்கும். அது ரோட்டோரக் கானில், மழைத்தண்ணீர் ஓடும் வாய்க்காலில், மூக்குக் குத்திக் கிடக்கிறது. பின்னால் கயிறு கட்டி ஏழெட்டு ஆம்பிளைகள் இழுக்கிறார்கள். பீட்டரின் அப்பா ஓரமாக வாயில் புகையிலைச் சுங்கானோடு, இடுப்பில் கை வைத்து, அவர்கள் இழுப்பது சரியா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சேர் சாசரைக் கவிழ்த்தார். மிச்சமிருந்தது பாலுக்குச் சிரட்டை கட்டிய இறப்பர் மரங்கள், தொழிலாளர் குடியிருக்கும் தகரம் போட்ட லயம் ஒன்று, ஒரு மரத்தடியில் சூலம், தூரத்தில் கல்பாறை துருத்திய ஒரு மலைவரிசை. இறப்பர் பர்மாவிலும் உண்டு. லயம் மலாயாவிலும் உண்டு. சூலம் நம் ஆட்கள் போன இடமெல்லாம் உண்டு. படத்தின் மேல் மூலையில் ஒரு கறை. மருந்து போட்டுத் துடைத்துப் பார்த்தார்கள், போகவில்லை. பெரிதாக்கிப் பார்த்தபோது அது கறை இல்லை. கூம்பாக ஓர் உச்சி, பக்கத்தில் தாழ்வாக இன்னொரு சின்ன முனை. சின்ன வயதிலிருந்து மழை விட்ட காலை நேரங்களில் எங்கள் லயத்து வாசலில் நின்று நான் பார்த்த சிவனொளிபாதமலை. பர்மாவில் இன்னொன்று கட்டியிருந்தால் சொல்லுங்கள் சேர், விட்டுவிடுகிறேன் என்றேன். வென்ன புளுவன் என்றார்.

அது எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது. பக்கத்துப் பாறைக்கும் தூரத்து உச்சிக்கும் இடையில் தெரிகிற இடைவெளி, நாம் நிற்கும் இடம் மாற மாறக் கூடும், குறையும். படத்தில் உள்ள இடைவெளி ஒரேயொரு கோட்டில் நின்றால்தான் கிடைக்கும். சேர் படத்தின் மலைகளை டிரேசிங் பேப்பரில் கோடாக எடுத்தார். அதை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு தெரணியகலைக்கு மேலே தோட்டம் தோட்டமாக நடந்தோம். எங்களைப் பார்த்த தோட்ட நிர்வாகிகளான தொரைமார்களில் ஒருவர் தொழில் திணைக்களம் என்று நினைத்துத் தேநீர் கொடுத்தார், இன்னொருவர் நிலம் அளக்க வந்தவர்கள் என்று நினைத்து நாயை அவிழ்த்துவிட்டார். மரங்களை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இறப்பரை வெட்டி வெட்டிப் புதிதாக நட்டிருப்பார்கள். ரோடு மாறியிருக்கும், பாலம் மாறியிருக்கும். லயம் மட்டும் மாறாது. வெள்ளைக்காரன் கட்டிய அதே சுவர், அதே தகரம், அதே ஒழுக்கு. தோட்டக் கம்பெனிகள் எங்கள் துறைக்குச் செய்த ஒரே உபகாரம் அது.

மேக்கணக்கு என்று சொல்கிற மேல் டிவிஷன் ஒன்றில் கிளாக்கர் எங்கள் கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். பட்டாள வண்டியா, அப்படியென்றால் டாங்கி மாரியாயியைத்தான் கேட்க வேண்டும் என்றார்.

அந்தப் பெயர் எனக்குத் தெரியும். பக்கத்துத் தோட்டங்களில் தெரியாதவர்கள் கிடையாது. பால் வெட்டி ஓய்வுபெற்ற மாரியாயி, தன் சின்ன வயதில் தங்கள் லயத்துக்கு டாங்கி வந்தது என்று கேட்டவர் கேளாதவர் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருப்பவர். அந்த ரோட்டில் பட்டாள வண்டி எதுவும் வந்ததே இல்லை என்று தோட்டத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். திரீவீலர் பையன்கள், "டாங்கி எப்ப வருது பெரியம்மா?" என்று கேட்டுவிட்டு ஓடுவார்கள். அவர் ஓடுகிறவர்களின் மூன்று தலைமுறையையும் இழுத்துத் திட்டுவார். அந்தத் திட்டுக்காகவே கேட்பவர்களும் இருந்தார்கள்.

அவர் லயத்து வாசலில் பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார். குணபால சேர் தனக்குத் தெரிந்த தமிழையெல்லாம் திரட்டி, அம்மா, வண்டி, எங்கே, விழுந்தது என்று கேட்டார். மாரியாயி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சுத்தமான சிங்களத்தில், மாத்தயா, விழுந்தது என்று உங்களுக்கு யார் சொன்னது, நான் இன்னும் சொல்லவில்லையே என்றார். சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதினாறு வருஷத்தில் அவர் சட்டத்தை அவரே மீறி நான் பார்த்தது அன்றைக்கு ஒருமுறைதான்.

படத்தை எடுக்காமல், இடத்தைக் காட்டச் சொன்னோம். லயத்துக்குக் கீழே ஒரு வளைவுக்குக் கூட்டிப்போனார். கான் மண் மூடிக் கிடந்தது. இந்த இடம்தான் என்று காலால் ஒரு கோடு இழுத்தார். பாறை தெரிந்தது, சிவனொளிபாதமலை இருக்க வேண்டிய திசையில் வெறும் மேகம். திரும்பி வந்தோம். மறுபடி போனோம், மழை. மூன்றாவது தடவை கீழே டவுனில் தங்கி விடிந்ததும் ஏறினோம். வெயில் வந்த கொஞ்ச நேரத்தில் மேகம் விலகியது. மாரியாயி இழுத்த கோட்டுக்கு மேல் நின்று சேர் பேப்பரைத் தூக்கிப் பிடித்தார். அரை எட்டு வலப்பக்கம் நகர்ந்தார். பிறகு பேப்பரை என்னிடம் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றார். நான் பிடித்துப் பார்த்தேன். பென்சில் கோட்டுக்குள் மலை போய் உட்கார்ந்துகொண்டது. சேர், "ஹரி" என்றார். சரி. அதை அவர் வாயிலிருந்து அதற்கு முன் நான் கேட்டதில்லை.

அதற்குப் பிறகுதான் படத்தை மாரியாயியின் கையில் கொடுத்தேன். அவர் வண்டியைப் பார்க்கவில்லை. கயிற்றின் கடைசியில், நமக்கு முதுகைக் காட்டி நிற்பவர்மேல் விரலை வைத்தார்.

"இது எங்கப்பா, புள்ள. காத்தமுத்து."

முகம் தெரியவில்லையே, எப்படிச் சொல்கிறீர்கள் என்று சேர் கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"முகத்தை யாரு பாத்தா? வெட்டுக்குப் போகும்போதும் வரும்போதும் நான் அந்த முதுகுலதானே தொங்கிக்கிட்டிருந்தேன்."

பிறகு நடந்ததைச் சொன்னார். ஒரு முற்பகலில் அதிகாரி தானே வண்டியை ஓட்டி வந்து கானில் விட்டிருக்கிறார். பால் வெட்டில் நின்ற ஆம்பிளைகளைக் கங்காணி கூட்டி வந்து கயிறு கட்ட வைத்தார். ஒருவன் படம் எடுத்தான். முதல் இழுப்புக்கு வரவில்லை. முட்டுக்கொடுக்க ஆள் வேண்டும் என்றதும் காத்தமுத்து ஒரு கட்டையோடு கானுக்குள் இறங்கியிருக்கிறார். இரண்டாவது இழுப்பில் கயிறு அறுந்து, வண்டி சறுக்கி அவருடைய வலது காலின்மேல் ஏறிவிட்டது. காலை எடுத்துவிட்டார்கள். பட்டாளம் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அன்றைய தொரை, காத்தமுத்து குடித்துவிட்டு மதகிலிருந்து விழுந்தான், வண்டி எதுவும் வரவில்லை என்று முடித்துவிட்டார். இழுத்தவர்களையும் அப்படியே சொல்ல வைத்தார். வேலையும் போனது. காத்தமுத்து சாகும் வரை லயத்து வாசலில் உட்கார்ந்து ஈர்க்கு சீவினார். மாரியாயி ‘குடிகாரன் மக’ ஆனார். பெண் பார்க்க வந்தவர்கள்கூட அதைக் கேட்டுவிட்டுத்தான் போனார்களாம்.

அந்தப் படத்தின் விவரத்தில் இதை எழுத வேண்டும் என்று நான் சொன்னேன். முடியாது என்றார் சேர். படம் எடுத்தபோது அந்த மனிதருக்கு இரண்டு காலும் இருந்தது, அதற்குப் பிறகு நடந்தது படத்தில் இல்லை, ஒரு மகள் தன் அப்பாவைப் பற்றிச் சொல்வது மட்டும் போதாது என்றார். பீட்டருக்காவது எழுதிக் கேட்கலாமே என்றேன். இடத்தை மட்டும் எழுது, காலைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாதே என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவிசாவளையிலிருந்து கொழும்பு வரை நான் அவரோடு பேசவில்லை. வழியில் மிளகாய்த்தூள் தடவிய அன்னாசி வாங்கித் தந்தார். அன்னாசியைத் தின்றேன், பேசவில்லை. கல்லைத் தின்று கல்லைக் கழிக்கிற மனுஷன் என்று மனதுக்குள் திட்டினேன். திட்டிய மற்ற வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. அவை மாரியாயியிடம் கற்றவை.

பீட்டருக்கு இடத்தை மட்டும் எழுதினேன். முதலில் அவருக்கு ஏமாற்றம். அப்பா பர்மாவில் சண்டை போட்டார் என்பதுதான் அந்த வீட்டில் எல்லாரும் வளர்ந்த கதை. அப்பா ஒரு இறப்பர் தோட்டத்தில் கானுக்குள் வண்டியை விட்டார் என்பது சுவரில் மாட்டி வைக்கிற விஷயம் அல்ல. ஆனாலும் சில மாதம் கழித்து மனைவியோடு வந்தார். கித்துல்கலையில் தங்கினார், நல்லவேளை அந்தத் தாத்தாவின் ஹோட்டலில் அல்ல. சேரும் நானும் போய்ச் சந்தித்தோம். சேர் தேநீரைக் குடித்துக்கொண்டே, உங்கள் அப்பா பர்மாவைப் பற்றி என்ன சொல்வார் என்று பொதுவாகக் கேட்டார்.

அப்பா அதிகம் பேசமாட்டார் என்றார் பீட்டர். ஆனால் கடைசிக் காலத்தில் படுக்கையில் கிடந்தபோது ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாராம். ஷெல் அடித்துக்கொண்டிருந்தது, வண்டி சறுக்கியது, கட்டையோடு உள்ளே இறங்கிய கூலியாளின் கால் செயினுக்குக் கீழே போய்விட்டது, அவன் கத்தவே இல்லை என்று.

நான் சேரைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் எழுதிக் கேட்டிருந்தால், நீங்கள் சொல்லிக் கொடுத்துத்தானே அவர் சொன்னார் என்று யாரும் கேட்டிருக்கலாம். இப்போது யாரும் அப்படிக் கேட்க முடியாது. அன்னாசிக்கு அப்போதுதான் மனதுக்குள் நன்றி சொன்னேன்.

பீட்டரை மேக்கணக்குக்குக் கூட்டிப்போனோம். லயமே வாசலில் கூடிவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலி, பால் விடாத பிளேன்ட்டி, இஞ்சி பிஸ்கட். திரீவீலர் பையன்கள் மதிலில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். பீட்டர் அப்பா சொன்னதைச் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். மாரியாயி முழுவதும் கேட்டார்.

"ஷெல்லும் அடிக்கல ஒன்னும் அடிக்கல," என்றார். "அன்னிக்கு மழைகூட பேயல."

பீட்டர் தலையை ஆட்டினார். மாரியாயி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, நாற்காலியை அவர் முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"புள்ள, அவர்கிட்ட ஒன்னு கேளு. அவங்கப்பா அன்னிக்குக் குடிச்சிருந்தாரா?"

ஐயாயிரம் மைல் கடந்து வந்த மனிதரிடம் எப்படிக் கேட்பது என்று சேரைப் பார்த்தேன். கேளுங்கள் மிஸ், இடம் பற்றிய கேள்வி இல்லாவிட்டாலும் நல்ல கேள்வி என்றார். கேட்டேன்.

பீட்டரின் மனைவி குனிந்துகொண்டார். பீட்டர் கானைப் பார்த்தபடியே பேசினார். தனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்பா காலைச் சாப்பாட்டுக்கு முன்பே குடிக்கிறவர் என்றார். சுங்கான் எப்போதும் வாயில் இருந்ததே வாடையை மறைக்கத்தான் என்று அம்மா சொல்வாளாம். அன்றைக்குக் குடித்திருந்தாரா என்று தெரியாது. ஆனால் குடிக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம் என்றார். நான் ஒரு வார்த்தை விடாமல் தமிழில் சொன்னேன், மதிலில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி.

எல்லாரும் மாரியாயியைப் பார்த்தார்கள். அவர் ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறார் என்று நினைத்தோம்.

"எங்கப்பாவும் குடிக்கிறவருதான்," என்றார். "கித்துல் கள்ளுன்னா உசுரு. அன்னிக்கு மட்டும் குடிக்கல. அதைத்தான் நான் இத்தனை வருஷமாச் சொல்றேன்."

அவ்வளவு நேரம் கல்லாக இருந்தவர் அதற்குப் பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பீட்டர் என்ன செய்வதென்று தெரியாமல், கையிலிருந்த இஞ்சி பிஸ்கட்டோடு எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்றார். மதிலில் இருந்தவர்களில் மூத்த பையன் இறங்கி வந்து, மன்னிச்சிருங்க பெரியம்மா என்றான். மாரியாயி அழுகையை நிறுத்திவிட்டு அவனுடைய மூன்று தலைமுறையையும் ஒருமுறை திட்டினார். குரலில் வலுவில்லாத திட்டு, ஆனாலும் அவன் தலையைக் குனிந்துகொண்டு முழுவதையும் கேட்டுக்கொண்டான்.

விவரம் எழுத உட்கார்ந்தோம். கயிறு இழுத்தவர்களின் பெயரை மாரியாயி ஒவ்வொருவராகச் சொன்னார். எல்லாம் பட்டப்பெயர். முழுப்பெயர் வேண்டும் என்றார் சேர். முழுப்பெயரைத் தெரிந்தவர்கள் எல்லாம் மண்ணுக்குள் இருக்கிறார்கள், வேண்டுமானால் போய்க் கேட்டு வாருங்கள் மாத்தயா என்றார் மாரியாயி. சேர் அவர் சொன்னபடியே எழுதினார். காத்தமுத்து குடிக்கவில்லை என்பதையும் எழுதச் சொன்னார் மாரியாயி. ஒருவர் குடிக்காமல் இருப்பதைப் படத்தில் எப்படி அம்மா பார்ப்பது என்று சேர் தடுமாறினார். மாரியாயி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சேர் எழுதினார்.

அதிகாரியின் பெயரும் பதவியும் எங்களிடம் சரியாக இருந்தது. அதைப் போடுவதற்கு முன் பீட்டரிடம் காட்டினோம். அவர் பேனாவை வாங்கி அப்பாவின் பெயரை அடித்துவிட்டார். அவர் பெயர் எங்கள் வீட்டில் எல்லாச் சுவரிலும் இருக்கிறது, இங்கே வேண்டாம் என்றார்.

அந்தப் படம் இன்றும் காப்பகத்தில் இருக்கிறது. குணபால சேர் தன் கையால் மூன்று மொழியிலும் எழுதிய விவரம் அதன் கீழே ஒட்டியிருக்கிறது:

தெரணியகலைக்கு மேலே, மேக்கணக்கு வளைவு. கானில் விழுந்த கேரியரைத் தோட்டத் தொழிலாளர் இழுக்கின்றனர். இடமிருந்து வலம்: கொக்கு முத்து, வெத்தலைப் பெருமாள், கட்டைக்குரல் சின்னான், நாலுமுழச் சுப்பன், அவன் தம்பி, மூக்குப்பொடி ராக்கன், காத்தமுத்து. காத்தமுத்து சற்று நேரத்தில் இதே வண்டியின் கீழ் வலது காலை இழந்தார். அன்று அவர் மது அருந்தியிருக்கவில்லை, மகள் சாட்சி. ஓரத்தில் நிற்பவர் ஓர் அதிகாரி.